ஆறுதலாக இறங்கவும்

ஜெர்மன் நகரமான வுப்பர்டாலில் மாநாடுகள் நடக்கும் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும், இடது பக்கம் இப்போது ஆளுயரத்துக்கு ஒரு தொடுதிரை நிற்கிறது. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தீர்களா என்று ஏழெட்டு மொழிகளில் மாறி மாறிக் கேட்கிறது. தொட்டால் வரைபடம் வரும். தொங்கு ரயிலின் நேரம் வரும். எந்தக் கடையில் காப்பி நன்றாக இருக்கும் என்றுகூட வரும். போன மாதம் வேறொரு வேலையாக அங்கே போன நான், திரைக்கு முன்னால் நின்று என்னையறியாமல் வலது காலை முன்னால் நீட்டிக் காட்டினேன். வரிசையில் பின்னால் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த இடத்தில் முன்பு ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் அக்கா இருந்தார். வழி கேட்டு வருகிறவர்களின் முகத்தை அவர் முதலில் பார்க்கமாட்டார். மேசைக்கு மேலாக எக்கி, காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து, எங்கே போக வேண்டும் என்று ஜெர்மனில் கேட்பார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கெல்சென்கிர்ச்சன் என்ற ஊர்ப் பக்கம் என்று தமிழ்க் கடையில் சொன்னார்கள்.

எனக்குத் திருச்சி. வண்ணப்பூச்சுகளை ஆராயும் ஒரு வேதியியல் கூடத்தில் வேலை. எங்கள் கூடத்தின் சின்னச் சின்னக் கூட்டங்களெல்லாம் அந்த மண்டபத்தில்தான் நடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சுற்றிப் பார்க்க இடம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். எதையும் மளமளவென்று முடிப்பவள் என்று எனக்கு அங்கே பெயர். வீட்டில் அதற்கே அவசரக்குடுக்கை என்று பெயர்.

முதன்முதலில் அந்த மேசைக்கு நான் போய்ப் பக்கத்தில் அச்சகம் ஏதாவது இருக்கிறதா என்று என் ஓட்டை ஜெர்மனில் கேட்டபோது, அந்தப் பெண் பதிலே சொல்லாமல் என் காலை உற்றுப் பார்த்தார். எதையோ மிதித்துவிட்டேன் போலிருக்கிறது என்று பதறி, காலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"இந்தச் சப்பாத்தோட எண்டா ஆத்தங்கரையால போங்கோ. மேட்டால ஏலாது," என்றார் அவர், தமிழில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஊருக்கு வந்து ஒரு மாதத்தில், தமிழ்க் கடைக்கு வெளியே நான் கேட்ட முதல் தமிழ் அது.

"நான் தமிழ்னு எப்படித் தெரிஞ்சது?"

"இப்ப காலைத் தூக்கிப் பாத்தபடியே ஐயய்யோ எண்டனீங்கள்."

அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்றேன். அவரும் என்னை அக்கா என்றார். யாருக்கு வயது கூட என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. நான் ஒருமுறை சீண்டியபோது, "இது மரியாதைக்குச் சொல்லுற அக்கா. வயசுக்கு எண்டா பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்கோ," என்றார். தினமும் இதைக் கேட்டுக்கொண்டிருந்த மண்டபத்து மேலாளர், கண்டிப்பான ஜெர்மன் அம்மையார், அக்கா என்றால் எங்கள் மொழியில் வணக்கம் என்று முடிவுகட்டிவிட்டார். ஒரு நாள் காலை என்னைக் கண்டதும் கையை உயர்த்தி "அக்கா!" என்றார். அவரை நாங்கள் திருத்தவே இல்லை.

அக்கா அந்த மண்டபத்தில் முதலில் பார்த்தது கார்டரோபே வேலை. அதாவது வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி எண் அட்டை கொடுத்து மாட்டிவைப்பது, நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் மட்டும், மணிக்கணக்குச் சம்பளத்தில். கோட்டை வாங்க வந்தவர்கள் அவரிடம் வழி கேட்க ஆரம்பித்தார்கள். அவர் சொல்லும் வழியில் போனவர்கள் திரும்பி வந்து நன்றி சொன்னார்கள். அதைப் பார்த்துத்தான் மேலாளர் ஒரு மேசை போட்டு, விருந்தினர் தகவல் என்று பலகையும் வைத்து, இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தார். அக்காவின் வாயில் அது ஃபெர்ட்ராக்.

அவர் நடந்து பார்க்காத வழியை அவர் யாருக்கும் சொன்னதில்லை. இது எல்லாரும் சொல்கிற வாய்ப்பேச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவின் மேட்டில் அவர் ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுவதைக் கண்டேன். அக்காவின் மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலையில் இருந்தாள். பேரப்பிள்ளை கிடையாது. ஓடிப்போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு அரிசி மூட்டை, பெல்ட் எல்லாம் போட்டுக் கட்டி, படுத்திருந்தது.

"என்னக்கா இது?"

"செவ்வாய்க்கிழமை கைப்பிள்ளையோட ஒரு டொக்டர் வாறா. வண்டி இந்த மேட்டில ஏறுமோ எண்டு பாக்கிறன்."

"அதுக்கு அரிசியா?"

"வெறும் வண்டி எல்லா மேட்டிலயும் ஏறுந்தானே."

தெருவில் போகிறவர்கள் எல்லாரும் மூட்டையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சத்தில் முகம் சிவந்தது. அக்கா மூட்டையின் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

இன்னொரு முறை, ஒரு கூட்டத்தின் விருந்து நாளன்று மதியம், என் குதி உயர்ந்த செருப்பை அரை மணி நேரம் கடன் கேட்டார். எதற்கென்று கேட்கக்கூட எனக்கு நேரமில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு, அவருடைய தட்டைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அரை மணி கழித்து ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் அதன் குதியுமாக வந்து நின்றார்.

"குதி உடைஞ்சு போச்சு, அக்கா. நல்ல காலம். இரவு பொம்பிளையள் இந்தப் பாதையால போகக்கூடாது. நான் வேற வழி எழுதி வைக்கிறன்."

ஊரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த செருப்பு அது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மறுநாள் தைத்து ஒட்டிக் கொண்டுவந்து தந்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது படவே இல்லை.

இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டிருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த முதல் நாள், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை என்று யாரோ போனில் சொல்ல, பனியில் ரப்பர் செருப்போடு, வயிற்றில் ஏழு மாதத்தோடு, ஒன்றரை மணி நேரம் நடந்தாராம். "அஞ்சு நிமிசம் எண்டு சொன்ன ஆள் பொய் சொல்லேல்லை. அவருக்கு அஞ்சு நிமிசந்தான். என்ர காலை அவர் பாக்கேல்லை, அவ்வளவுதான்," என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கால் விரல் ஒன்றில் இன்றைக்கும் உணர்ச்சி இல்லை என்று அதே சிரிப்போடு சொன்னார்.

அவருடைய தமிழ் எனக்கு ஆரம்பத்தில் பாதிதான் பிடிபட்டது. கெதியா என்றால் சீக்கிரம். பேந்து என்றால் பிறகு. இந்த மாதிரி ஐம்பது சொல் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டேன். பிறகு எல்லாம் தெரியும் என்ற தெம்பு வந்துவிட்டது, கேட்பதை நிறுத்திவிட்டேன். ஒரு சொல் மட்டும் என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைத்தது. வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வரட்டுமா என்று போனில் கேட்டால், "ஓம், ஆறுதலா வாங்கோ," என்பார். தனியாக இருக்கிறவள், மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துக் கூப்பிடுகிறார் என்று எனக்குக் கண் கலங்கும். விழுந்தடித்துக்கொண்டு ஓடுவேன். கதவைத் திறப்பவர், இவ்வளவு சீக்கிரமாகவா என்பதுபோல் சோற்றுப் பானையும் கையுமாக நிற்பார்.

அந்த வீடு நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. அக்காவின் கணவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தெருவில் இறங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்று தெரிந்தபோது நான் திகைத்துப்போனேன். ஊரில் உள்ள அத்தனை படிக்கட்டும் அக்காவுக்கு அத்துப்படி. சொந்த வீட்டுப் படிக்கு அவரிடம் ஒரு மாற்றுவழி இல்லை. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகப் போகிறது என்று பார்த்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான், நிரந்தர ஒப்பந்தம் உள்ளவர்களுக்கே வீடு. அக்காவின் இரண்டு வருட ஒப்பந்தம் வீடு காலியாகிற அந்த மாதத்தோடு முடிந்தது.

அதே மாதத்தில்தான் எங்கள் பெரிய மாநாடு. பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, விருந்தினர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டித் தாள் ஒன்றை ஆங்கிலத்தில் கொண்டுவாருங்கள், அது நன்றாக வந்தால் நிரந்தரமாக்க மேலிடத்தில் பேசுவேன் என்றார்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "கடதாசி சப்பாத்தைப் பாக்காது, அக்கா," என்றார். ஆனாலும் நாலாம் மாடி அவர் கண்முன் இருந்தது. ஆங்கிலம் அவருக்கு வாசிக்கவும் ஏலாது, எழுதவும் ஏலாது. "நான் ஜெர்மனில எழுதித் தரட்டோ?" என்று கேட்டார்.

"எதுக்குக்கா ஜெர்மன்? தமிழ்லயே எழுதுங்க. நான் இங்கிலீஷ்ல போட்டுடறேன். நம்ம மொழிதானே!"

பெருமையாகத்தான் சொன்னேன். அந்த வாயை அன்றைக்கு அடைத்திருக்கலாம்.

பள்ளிக் கணக்கு நோட்டில் கிழித்த, கட்டம் போட்ட நாலு தாளில் எழுதிக் கொடுத்தார். அச்சுக்குப் போவது என்பதால் சுத்த எழுத்துத் தமிழ். ஆற்றங்கரைப் பாதையில் சக்கர நாற்காலி போகும். தொங்கு ரயிலில் ஏறுபவர்கள் ஆட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்தக் கடையில் இருந்து சாப்பிடலாம், அந்தக் கடையில் நின்றுதான் சாப்பிடலாம். கடைசி வரி மேட்டுப் பூங்காவைப் பற்றியது: 'போகும்போது பஸ். திரும்பும்போது பழைய படிக்கட்டு. ஆறுதலாக இறங்கவும்.'

எனக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. நாள் முழுக்க உரைகளைக் கேட்டுக் களைத்தவர்கள் மரங்களுக்கு நடுவே மனசுக்கு இதமாக இறங்கி வரட்டும் என்று நினைத்திருக்கிறார், அக்காவுக்குள் இப்படி ஒரு ரசிகையா என்று வியந்தேன். என் பங்குக்குக் கொஞ்சம் அலங்காரமும் சேர்த்தேன். பழைய படிக்கட்டு வழியே இதமான, வசதியான இறக்கம், களைப்பெல்லாம் தீரும் என்று ஆங்கிலத்தில் எழுதி அச்சுக்குக் கொடுத்தேன்.

அச்சான கட்டைக் கொண்டுவந்து வைத்ததும் அக்கா கேட்டார். "ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன்."

"எல்லாம் நீங்க எழுதினபடியேதான்க்கா. எனக்கு இப்ப தலைக்கு மேல வேலை."

"சரி, பேந்து பாப்பம்."

மாநாட்டின் இரண்டாம் நாள் காலையிலிருந்து மழை. ஈரக் கோட்டுகள் வந்து குவிந்தன, கார்டரோபேயில் ஆள் போதவில்லை. மேலாளர் அக்காவை அங்கே அனுப்பினார். மேசைக்குத்தான் தாள் வந்துவிட்டதே என்றார். அக்கா போகும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார். "சப்பாத்தைப் பாத்துக் குடுங்கோ, அக்கா."

"பாத்துக்கறேன், போங்க."

பார்க்கவில்லை. தெருவில் நோட்டீஸ் கொடுப்பதுபோல் வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினேன். மழை விட்ட நேரம், போர்ச்சுகலிலிருந்து வந்திருந்த ஒரு முதிய பேராசிரியை வந்தார். வெள்ளை முடி, சின்ன உருவம். இரண்டு மணி நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கலாம் என்றார். நான் தாளைக் கொடுத்து, அந்தக் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு மகிழ்ச்சியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலில் என்ன போட்டிருந்தார் என்று கேட்டால் தெரியாது.

ஒரு மணி நேரம் கழித்து மேலாளருக்குப் போன் வந்தது. பேராசிரியை பழைய படிக்கட்டில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கியபோதும் தாள் கையில்தான் இருந்ததாம்.

மாலையில் எங்கள் இருவரையும் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். சேறு படிந்த அந்தத் தாள் மேசை மேல் இருந்தது. அவர் அக்காவிடம் ஜெர்மனில் கேட்டார்.

"அந்தப் படிக்கட்டு வசதியானது என்று நீங்கள் எழுதினீர்களா?"

"இல்லை," என்ற அக்கா, தாளை எடுத்து ஆங்கில எழுத்துகள் மேல் விரலை ஓட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, இதில என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"நான் அப்பிடி எழுதேல்லையே."

"நீங்க எழுதினதுதான்க்கா. என் பையிலயே இருக்கு பாருங்க." கட்டம் போட்ட தாளை எடுத்து நானே வாசித்தேன். "ஆறுதலாக இறங்கவும்."

"ஓம். ஆறுதலா. அவசரப்படாமல், மெல்ல மெல்ல, ஒவ்வொரு படியா."

 அவர் சொன்னது எனக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை, அதுதான் கொடுமை. ஆறுதலா வாங்கோ என்று அவர் போனில் சொன்னதெல்லாம் மெதுவாக வா, அவசரமில்லை என்பதுதான். நான் கண் கலங்கிக்கொண்டு ஓடிய ஒவ்வொரு தடவையும் அவர் பாதிச் சமையலில் நின்றதற்குக் காரணமும் அதுதான். இரண்டு வருடம் ஒரே மொழியில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். எச்சரிக்கையாக எழுதிய ஒரு சொல்லை நான் ஆசை காட்டும் சொல்லாக மாற்றி, ஒரு கிழவியின் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

"என்ன சொல்கிறார்?" என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

அந்த அறையில் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அவர் மெதுவாக என்று எழுதினார், நான் வசதியாக என்று எழுதிவிட்டேன். இதைச் சொல்ல என் ஓட்டை ஜெர்மனே போதும். ஆனால் மாநாட்டுக் குழுவின் தலைவரான எங்கள் கூடத் தலைவரும், அடுத்த மாதம் நீட்டிக்கப்பட வேண்டிய என்னுடைய ஆராய்ச்சி வேலையும் என் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

"அது... கொஞ்சம் கஷ்டமான சொல்," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். அப்புறம் மேலாளரிடம் திரும்பி ஜெர்மனில் சொன்னார். "அந்த அம்மாவின் காலணியை நான் பார்க்கவில்லை. நான் மேசையில் இருந்திருக்க வேண்டும்."

மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் குறித்திருப்பார்.

மாநாடு முடிந்தது. எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்கிற நான் மூன்று நாள் ஒன்றுமே செய்யவில்லை. அக்காவுக்குப் போன் செய்யக் கை வரவில்லை. நாலாம் நாள் மதியம், அவருடைய ஒப்பந்தம் மாத முடிவோடு முடிகிறது, நீட்டிப்பு இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.  மண்டபத்துக்கு ஓடினேன். அவர் வேலை முடிந்து பழைய படிக்கட்டுக்குப் போயிருக்கிறார், நேற்றும் அங்கேதான் போனார் என்று கார்டரோபேயில் சொன்னார்கள்.

தூறிக்கொண்டிருந்தது. பூங்காவிலிருந்து இறங்கும் கல்படிகள், பாசி பிடித்து, ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடியோடு. நான் கீழிருந்து முக்கால்வாசி ஏறியபோது அக்கா மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். வாய் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. காலில் பழுப்புத் தோல் காலணி, அடிப்பக்கம் வழுவழுவென்று. அவருடைய காலுக்கு அது சின்னது. குதிப்பகுதியை மிதித்து மடக்கிப் போட்டிருந்தார்.

"யாரோட ஷூக்கா இது?"

"அந்த அம்மாவின்ர."

நான் அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போறனான். சூப் கொண்டு போறனான். நேற்று இதைக் கேட்டன். அவவின்ர பாஷை எனக்குத் தெரியாது, காலைக் காட்டினன், விளங்கீற்றுது. ஒப்பரேசன் முடிஞ்சுது. நேற்றுக் கட்டில் கரையில இருத்தினவை." என்னை நேராகப் பார்த்தார். "நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?"

இல்லை. இத்தனை நாளாக என் வேலை, என் பயம், என் குற்றவுணர்ச்சி என்று புரண்டுகொண்டிருந்த நான், அந்த அம்மா பிழைத்தாரா என்றுகூட யாரையும் கேட்கவில்லை. அது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

"அக்கா, அந்தச் சொல்லு... எனக்கு அர்த்தம் தெரியல. எங்க ஊர்ல ஆறுதல்னா..."

"தெரியும். அண்டைக்கே உங்கட முகத்தில கண்டனான்."

"அப்ப ஏன் நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா அது தப்பிறதுக்குச் சாட்டுச் சொல்லுறது. அவவுக்குத் தமிழ் தெரியுமோ? நீங்கள் சொன்னாத்தான் எடுபடும். நீங்கள் சொல்லுவியள் எண்டு நிண்டனான்." அவர் குனிந்து தான் நின்ற படியைக் கையால் அமுக்கிக் காட்டினார். கல் லேசாக ஆடியது. "மேலயிருந்து ஒன்பதாவது படி. நேற்று நாலு தரம், இண்டைக்கு நாலு தரம் இறங்கிப் பாத்தனான். இந்தச் சப்பாத்தோட எண்டா, எவ்வளவு ஆறுதலா இறங்கினாலும் இதில வழுக்குது. நீங்கள் சரியா எழுதியிருந்தாலும் அவ விழுந்துதான் இருப்பா."

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அழுகை வந்துவிட்டது. அது ஆறுதல்தான், என் ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தத்தில்.

"அப்போ... என் தப்பு இல்லையாக்கா?"

அக்காவுக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"அது வேற, இது வேற! இந்தக் கல்லுக்கு நீங்கள் என்ன செய்யிறது? அண்டைக்கு அந்த அறையில வாயை மூடிக்கொண்டு நிண்டனீங்களே, அதுக்கு என்ன கல்லு ஆடினது? என்ர மனுசன் ஜன்னலுக்குள்ள இருக்கிறார், அக்கா. வீட்டுக்காரர் திங்கட்கிழமை வரையும்தான் பொறுப்பார்."

"நாளைக்குக் காலைல முதல் வேலையா..."

"நாளைக்கோ? இப்ப போங்கோ. கெதியாப் போய்ச் சொல்லுங்கோ."

நான் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் கால் சறுக்கியது. பின்னாலிருந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்தவர், என் காலணியை ஒரு பார்வை பார்த்தார்.

"படியில மட்டும் ஆறுதலா இறங்குங்கோ."

கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே வந்ததும் ஓடினேன். மேலாளர் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கையை உயர்த்தி "அக்கா" என்றார். நான் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். கட்டம் போட்ட தாளையும் மேசை மேல் வைத்தேன். அவர் கோட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்தார்.

"இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்றார். பிறகு, "அந்த மேசைக்குப் பதிலாகத் தொடுதிரை வரப்போகிறது. நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார்.

அவர் சொன்ன அந்த நேற்று, நான் ஆய்வுக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.